பகிர்ந்த கவிதையில் ஒரு சொல்லை மாற்றலாமா? (‘களிச்சட்டி’ விவகாரம்)

பாலக்கோட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சங்கடம். இங்க கேட்டாத்தான் தீரும்னு தோணுது.

தை மாசம் ‘களிச்சட்டி’ன்னு ஒரு கவிதை போட்டிருந்தேன். எட்டே வரி. மறந்தவங்களுக்காக, அன்னைக்குப் போட்டதைப் போட்டபடியே தர்றேன்:

நெய் வெந்த உலை
மாவை விழுங்கிவிட்டு
மூச்சு விடுகிறது.
கவைக்கோலை மிதித்த கால்கள்,
துடுப்பைப் பிடித்த கைகள்.
ஈரத் தட்டில் ஐந்து உருண்டை.
ஆறாவது
அம்மாவுக்கு.

முதல் சொல்லே தப்பு. நான் எழுதினது நொய். போன் அதை நெய்யாக்கிடுச்சு. கேழ்வரகுக் களிக்கு அரிசி நொய்யை வேகவிட்டு, அது மேல மாவைக் கொட்டி, மாவு வெந்தப்புறம், சட்டி ஆடாம இருக்கக் கவைக்கோலைக் காலால மிதிச்சுக்கிட்டு, துடுப்பால கிண்டுவோம். நெய் ஊத்திக் களி கிண்டுற வசதி எங்க வீட்டுக்கு என்னைக்கும் வந்ததில்ல. நான் பார்த்துத் திருத்துறதுக்குள்ள ஒருத்தர் வந்து, நெய் வேகிற உலைங்கிறது தாய்மை உருகுறதுதான்னு பத்து வரி பாராட்டிட்டார். அதுக்குக் கீழ ஏகப்பட்ட ‘அருமை’. நான் சத்தமில்லாம நொய்னு மாத்தினேன். இப்ப அந்தப் பாராட்டு அந்தரத்துல தொங்குது. புதுசா வர்றவங்க ‘எந்த நெய்?’னு கேக்கறாங்க.

ரெண்டாவது மாத்தம் கடைசி வரியில. ‘அம்மாவுக்கு’ன்னு முடிக்கிறது படிக்கிறவங்களை அழ வைக்கணும்னே முடிச்ச மாதிரி எனக்கே பட்டது. ‘ஆறாவது / சட்டியின் அடியில்’னு மாத்திட்டேன். அதையும் யார்கிட்டயும் சொல்லல.

மூணாவது இன்னும் செய்யல. போன வாரம் அம்மாவுக்கே படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு, “அஞ்சா? ஏழு உருண்டை புடிப்பேன்டி. உங்க தாத்தாவும் பெரியப்பாவும் எங்க போனாங்க?”ன்னாங்க. கவிதையைப் பத்தி வேற ஒரு வார்த்தை பேசல.

இப்ப ஐந்தை ஏழாக்கலாமா? ஒரு தடவை நாலு பேர் படிச்சுட்ட கவிதையில எதுவரைக்கும் கை வைக்கலாம்? சொல்லிட்டுச் செய்யணுமா?

ஒசூர் ஷிப்ட்:

அந்த நெய்யைப் பாராட்டின ஆள் நான்தான். தலைகுனிஞ்சு ஆஜர்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வரும்போது படிச்சேன். எங்க தெருவுல கன்னடக்காரங்க வீடுதான் ஜாஸ்தி, களியையே அவங்க முத்தேன்னு செய்வாங்க, கூப்பிட்டுப் போடவும் செய்வாங்க. சாப்பிட்டிருக்கேனே தவிர, உலையில என்ன வேகுதுன்னு எட்டிப் பார்த்ததில்ல. அதான் நெய்யை நம்பிட்டேன்.

அக்கா, நீங்க மாத்தினது சரி. ஒரு வரி சொல்லியிருந்தா நானும் என் பத்து வரியைச் சுருட்டிக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப எங்க மாமியார் வரைக்கும் படிச்சாச்சு. கூட்டத்துல வேட்டியை யாரோ உருவின மாதிரி இருக்கு.

பெங்களூரா:

எழுத்துப்பிழையைத் திருத்தறதுக்கு எதுக்கு விவாதம்? நொய் நொய்தான். வாட்ஸ்அப்பே அனுப்பின 15 நிமிஷத்துக்குள்ள திருத்திக்கலாம்னு விட்டிருக்கான். பக்கத்துல ‘திருத்தப்பட்டது’ன்னு காட்டியும் கொடுத்துடறான், அது வேற விஷயம்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். நமக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. (பேர்லயே தெரிஞ்சிருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு: கிளிமூக்கு மாங்காயை, தோதாபுரியை, எங்க பக்கம் பெங்களூரான்னுதான் சொல்வோம்.) ஆனி மாசம் மாங்கூழ் ஆலை வாசல்ல டிராக்டர் வரிசை நிக்கும். ராத்திரியெல்லாம் காத்துக் கிடக்கணும். அதை எழுதினேன். ‘மூட்டை மேல் உறங்குகிறார் அப்பா’ன்னு ஒரு வரி. எல்லாருக்கும் அந்த வரிதான் பிடிச்சது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் படிச்சுட்டு, “மாங்காயை எவன்யா மூட்டை கட்டி ஆலைக்குக் கொண்டு போறான்?”னு கேட்டார். நியாயம். குவியலாத்தான் போகும். சரின்னு ‘காய்க்குவியல் மேல்’னு மாத்தினேன். ஒரு சொல்தானே. மறுபடி அவரே, “குவியல் மேல படுத்தா காம்புப் பால் பட்டு முதுகு வெந்துடாது?”ன்னார். அதுவும் நியாயம். அப்பா நிஜமா படுத்தது டிரெய்லருக்கு அடியில, சாக்கு விரிச்சு. அப்படி எழுதினா, மேல படுத்திருக்கிற அப்பாவை வச்சு நான் சொன்ன ‘ராஜா’ உவமை போச்சு. ராஜா போனா முதல் ரெண்டு வரியும் போச்சு.

ஒரு சொல்லுன்னு ஆரம்பிச்சேன். கவிதையே டிராக்டருக்கு அடியில போயிடுச்சு. சின்னத் திருத்தம்னு யாராவது சொன்னா எனக்கு இப்ப பயம்.

வெண்பா வாத்தியார்:

பெங்களூரா தம்பி சொன்னதை யாப்பு வழியாகவும் சொல்ல முடியும். அரூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தியவன், பழக்கம் விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி விலை விழுந்த ஒரு சமயம் நான் ஒரு குறள் வெண்பா எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன்:

தக்காளி கொட்டிய சாலையில் நின்றவன்
எக்காலம் வெல்வான் இனி.

இராயக்கோட்டைச் சந்தைக்குக் காய் போடும் மாணவன் ஒருவன் போன் செய்து, “ஐயா, நாங்கள் சாலையில் கொட்டவில்லை, ஏரிக்கரையில் கொட்டினோம்” என்றான். உண்மைதானே முக்கியம், மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ‘ஏரிக்கரையில்’ என்று போட்டால் ஏ, ரிக், கரை, யில் என நாலசை. வெண்பா அதை வாசலிலேயே நிறுத்திவிடும். ‘தெருவில்’ என்று போட்டுப் பார்த்தேன். ‘கொட்டிய’ கூவிளம், விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும், ‘தெருவில்’ நிரையில் தொடங்குகிறது (ஒற்றை விட்டு எண்ணினால், ஓரெழுத்து அசை நேர், ஈரெழுத்து அசை நிரை). அதோடும் விடவில்லை. ‘தெருவில்’ புளிமா, மாவுக்குப் பின் நிரை வர வேண்டும், அடுத்து நிற்பதோ ‘நின்றவன்’ என்ற நேர். ஒரு சொல்லை நட்டதில் முன் தளையும் பின் தளையும் (சீரோடு சீர் சேரும் கட்டு) சேர்ந்து முறிந்தன.

கடைசியில் ‘ஏரியில்’ என்று வைத்தேன். அதுவும் கூவிளம், தளை தட்டவில்லை. ஆனால் தக்காளிக்கும் சாலைக்கும் இருந்த மோனை போயிற்று (தகரமும் சகரமும் இன எழுத்து மோனை). காதில் ஒரு படி இறங்கிவிட்டது. மாணவனுக்குத் திருத்திய வடிவத்தை அனுப்பினேன். “சாலையே நல்லா இருந்துச்சுங்க ஐயா” என்கிறான்!

சாமைச்சோறு:

ஐயா, அக்கா எழுதினது புதுக்கவிதை. தளையும் இல்ல, தட்டவும் தட்டாது. ஐந்தை ஏழாக்கினா என்ன முறியப் போகுது?

வெண்பா வாத்தியார்:

புதுக்கவிதைக்கும் காது உண்டு அம்மா. ‘ஐந்து உருண்டை, ஆறாவது’ என்று எழுதியபோது ஐகாரமும் ஆகாரமும் மோனையாக நின்றன. அவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, கேட்டவர் காதில் அது ஒட்டியது. ஏழு என்று மாற்றினால் அடுத்தது ‘எட்டாவது’ ஆகும். ஏகாரமும் எகரமும் மோனைதான். ஆக, ஓசைக்கு நட்டமில்லை. அவருடைய அம்மா கணக்கிலும் சரி, யாப்பிலும் சரி. என்னைக் கேட்டால் மாற்றலாம் என்பேன்.

பாலக்கோட்டுக்காரி:

சத்தியமா அறியாமத்தான் செஞ்சேன் ஐயா. இப்ப அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் மோனை மட்டும்தான் கேக்குது.

தொப்பூர்க் கணவாய்:

லேட்டா வர்றேன். வண்டி சேலத்துல நின்னுடுச்சு.

பழைய காலத்துல இந்தப் பிரச்சினைக்கு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க, அரங்கேற்றம். சபையில படிக்கணும், தடை சொன்னா விடை சொல்லணும், அதுக்கப்புறம்தான் நூல். கம்பர் ‘துமி’ன்னு ஒரு சொல் போட்டதுக்கு, அப்படி ஒரு சொல்லே வழக்கத்துல இல்லைன்னு ஒட்டக்கூத்தர் மறிச்சாராம். ஆயர் தெருவுல மோர் கடையற பொம்பளை, “தள்ளி நில்லுங்க பிள்ளைகளா, துமி தெறிக்கும்”னு சொன்னதைக் காட்டித்தான் சொல்லு நின்னுதாம். கதைதான். ஆனா கதையில கவனிங்க: கம்பர் சொல்லை மாத்தல. சொல்லுக்குச் சாட்சி தேடினார். நம்ம அக்காவுக்குச் சாட்சி வீட்டுக்குள்ளயே இருக்காங்க, அவங்களோ ஏழுன்னு எதிர்சாட்சி சொல்றாங்க!

இன்னொண்ணு. நம்ம ஊரே தகடூர், அதியமான் ஊரு. நெல்லிக்கனி வாங்கிக்கிட்டு அவ்வையார் பாடினது புறநானூற்றில 91ஆம் பாட்டு. அந்த நூல்ல மொத்தம் 400 பாட்டு, அதுல 267உம் 268உம் கிடைக்கவே இல்ல. வேற சில பாட்டுல நடுவுல சொல் போய்ப் புள்ளி புள்ளியா கிடக்கும். 1894இல உ.வே.சா. அச்சுப் போட்டப்போ தன் சொந்தச் சொல்லை வச்சு அடைக்கல. பிரதிக்குப் பிரதி மாறுற பாடத்தைப் பாடபேதம்னு குறிச்சு வச்சார். அவருக்குத் தெரியாத தமிழா? அடைச்சிருந்தா நமக்குக் கண்டே பிடிச்சிருக்க முடியாது.

அதனால என் கட்சி: மாத்துங்க, ஆனா பழையதை அழிக்காதீங்க. கீழ பாடபேதம்னு ஒரு வரி போடுங்க.

பெங்களூரா:

அண்ணே, அது அடுத்தவங்க பாட்டு, அதனால உ.வே.சா. கை வைக்கல. இது அக்கா பாட்டு. தன் வீட்டுச் சுவத்துக்குத் தானே சுண்ணாம்பு அடிக்கப் பஞ்சாயத்துல மனு கொடுக்கணுமா? எழுதினவங்களுக்கு எப்ப வேணா மாத்த உரிமை உண்டு. முடிஞ்சுது.

தொப்பூர்க் கணவாய்:

உரிமை இல்லைன்னு யார் சொன்னா தம்பி? மரியான் மூர்னு ஒரு அமெரிக்கக் கவிஞர். கவிதையைப் பத்தியே அவங்க எழுதின, ரொம்பப் பேர் பெற்ற ஒரு நீளக் கவிதையை 1967இல வந்த தொகுப்புல மூணே வரியாக் குறைச்சுட்டாங்க. படிச்சவங்களுக்குத் திகைப்பு. ஆனா அதே புத்தகத்துல பின்குறிப்புல பழைய நீள வடிவத்தையும் வச்சாங்க. உரிமையும் இருந்துச்சு, மரியாதையும் இருந்துச்சு.

தருமபுரி அகழ்வைப்பகத்துல நடுகல் பார்த்திருக்கீங்களா? ஒருமுறை லோடு இறக்கக் காத்திருந்த நேரத்துல போய்ச் சுத்தினேன். கல்லுல வெட்டினவனுக்கு நம்ம மாதிரி அழிச்சு எழுதுற வசதி கிடையாது. கல்வெட்டுல ஒரு எழுத்து விட்டுப்போனா வரிக்கு மேலயோ கீழயோ சின்னதா வெட்டிச் சேர்ப்பாங்க. தப்பு நடந்ததும் தெரியும், திருத்தினதும் தெரியும்.

ஒசூர் ஷிப்ட்:

என் நெய்க்குப் பாடபேதம்னு ஒரு கௌரவம் கிடைச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல.

வெண்பா வாத்தியார்:

எங்கள் பள்ளி மலரில் ஒருமுறை மாணவி எழுதிய ‘களி’ என்ற கவிதையை அச்சகத்தில் ‘கலி’ என்று அடித்துவிட்டார்கள். ‘சுடச்சுடக் கலி தின்றோம்’ என்று ஊரெல்லாம் போயிற்று. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் எல்லாப் பிரதிகளையும் வாங்கி, பேனாவால் ஒவ்வொன்றிலும் ளகரம் போட்டுக் கொடுத்தாள். எத்தனை பிரதி என்று கேட்காதீர்கள், என் கையும் வலித்தது.

சாமைச்சோறு:

நேத்தே எழுதணும்னு நினைச்சேன். எழுதலாமா வேணாமான்னு விட்டுட்டேன்.

பாலக்கோட்டு அக்கா, நீங்க கடைசி வரியை மாத்தினது எனக்கு இந்த இழையைப் பார்த்துத்தான் தெரியும். என்கிட்ட இருக்கிறது பழசு. மாசி மாசம் எங்க அம்மா தவறிட்டாங்க. காரியத்தன்னைக்குப் படையல் போட்டப்போ இலையில களி வச்சோம், அவங்களுக்கு அவரைக்கொட்டைக் குழம்பும் களியும்னா உசுரு. யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு மாமா சொன்னார். எனக்குப் பேச வரல. உங்க கவிதையை நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதைப் படிச்சேன். நெய்யை நொய்னு நானே மாத்திக்கிட்டேன், அது பிழைன்னு படிச்ச உடனே தெரிஞ்சுது. ‘ஆறாவது அம்மாவுக்கு’ன்னு முடிச்சேன். எங்க வீட்டுல நாங்க அஞ்சு பேர் தான். அப்பாவும் நாலு பிள்ளைங்களும். அம்மா ஆறாவது.

எங்க பெரிய அக்கா அந்த வரியை அம்மா போட்டோவுக்குக் கீழ எழுதி ஒட்டியிருக்கு.

நீங்க மாத்துங்க, உங்க கவிதை. எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

பெங்களூரா:

பஞ்சாயத்து மனுன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பாலக்கோட்டுக்காரி:

சாமைச்சோறு, உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல, தங்கச்சின்னே வச்சுக்கறேன். ராத்திரி இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியல. ‘அம்மாவுக்கு’ங்கிறது அழ வைக்கற வேலைன்னு நான் எவ்வளவு லேசா எழுதிட்டேன் பாருங்க. எனக்கு அது மலிவாத் தெரிஞ்சதுக்குக் காரணம் எங்க அம்மா உள்ள உக்காந்து சீரியல் பார்த்துக்கிட்டு இருக்கறதுதான் போல.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். எழுத்தா பார்த்தா ‘சட்டியின் அடியில்’தான் எனக்கு இன்னும் பிடிக்குது. இதை மறைக்க விரும்பல.

வெண்பா வாத்தியார்:

மறைக்க வேண்டாம். கவி சொன்னதும் சரியாக இருக்கலாம், கேட்டவர் வைத்துக்கொண்டதும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே காகிதத்தில் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

தொப்பூர்க் கணவாய்:

அக்கா, அந்த ‘சட்டியின் அடியில்’ வரியை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினீங்களா? இல்ல பழசையா?

பாலக்கோட்டுக்காரி:

பழசைத்தான் காட்டினேன். நீங்க கேட்டதும் இப்பப் போய்ப் புதுசைப் படிச்சேன். விளம்பர இடைவேளையில.

அம்மா சொன்னது அப்படியே: “சட்டி அடியில இருக்கறது உருண்டை இல்லடி, காந்தல். அதை எங்க உருண்டை புடிக்கிறது? தண்ணி ஊத்தி ஊற வச்சு, காலையில மோர் விட்டுக் கரைச்சுக் குடிப்பேன். நீ பள்ளிக்கூடம் கிளம்பிப் போயிருப்ப.”

ஆக நான் பெருமையா வச்ச வரியும் தப்பு. ஆறாவது உருண்டைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. எட்டாவதும் இல்ல. பதினெட்டு வருஷம் அந்த வீட்டுல சாப்பிட்டிருக்கேன், அவங்க ராத்திரி என்ன சாப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியல.

பெங்களூரா:

அக்கா, டிராக்டருக்கு அடியில வாங்க. இடம் இருக்கு.

பாலக்கோட்டுக்காரி:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். செஞ்சது இது.

தை மாசக் கவிதையில கடைசி வரியை மறுபடி ‘அம்மாவுக்கு’ன்னே வச்சுட்டேன். ஐந்தும் ஐந்தாவே இருக்கட்டும். அது இப்ப எங்க வீட்டுக் கணக்கு இல்ல, தங்கச்சி வீட்டுக் கணக்கு. நெய்யை மட்டும் நொய்யாக்கிட்டு, கீழ ஒரு வரி: ‘முதலில் நெய் என்று இருந்தது, போனின் பிழை, கீழே உள்ள பாராட்டு அதைப் படித்து எழுதியது.’ ஒசூர்த் தம்பி, உங்க பத்து வரியை எடுக்காதீங்க.

எங்க அம்மா சொன்னதைத் தனியா எழுதினேன். அதுக்குப் பேரு ‘காந்தல்’:

நொய் வெந்த உலையில்
ஏழு உருண்டை.
எண்ணிக்கொண்டே பிடித்தாள்,
எண்ணிக்கொண்டே உண்டோம்.
விளக்கணைத்த பின்
சட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.
கழுவுகிறாள் என்று நினைத்துத்
தூங்கிப்போனேன்.

இதை யாருக்கும் அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் படிச்சேன். “ஏழுதான், சரி”ன்னாங்க.

சாமைச்சோறு:

நோட்டுல அடுத்த பக்கத்துல எழுதிக்கிட்டேன் அக்கா.

வெண்பா வாத்தியார்:

‘எண்ணிக்கொண்டே’ இரண்டு முறை வருவதை மட்டும் நான் மாற்றச் சொல்லியிருப்பேன். இரண்டாம் முறை படித்ததும் என் வாயை மூடிக்கொண்டேன்.

ஒசூர் ஷிப்ட்:

முதல் சொல்லை மட்டும் மூணு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நொய்தான். இனிமே தைரியமா பாராட்டலாமா?